மூன்று வரிப் பின்னணி

மார்ச் 4, செவ்வாய்

காலையில் இரண்டு வாஷர் மாற்றினேன், ஓர் அடைப்பு எடுத்தேன். மதியம் வீட்டு வாரியத்தில் முதல் கூட்டம். ஏழு பேர் கொண்ட நிர்வாகக் குழுவில் ஒருவர் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்று விதி. இந்தத் தடவை அந்த ஒருவர் நான். நகக்கண்ணில் இருந்த கறுப்பு எவ்வளவு தேய்த்தும் போகவில்லை. போகாவிட்டால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று அப்படியே போனேன்.

மேஜையைச் சுற்றி ஆறு பேர். தலைவர் ஓய்வு பெற்ற நீதிபதி. அப்புறம் ஒரு பேராசிரியை, ஒரு மருத்துவர், ஒரு வக்கீல், ஒரு மொத்த வியாபாரி, பேங்கில் பெரிய பதவியில் இருந்து வந்தவர் ஒருவர். ஆளுக்கு ஒரு முழம் பட்டம் சொல்லித் தங்களை அறிமுகப்படுத்திக்கொண்டார்கள். என் முறை வந்ததும், "அஞ்சாம் பிளாக், பதினாலாம் நம்பர் வீடு. குழாய் ரிப்பேர் பண்றேன்" என்றேன். மருத்துவர் சிரித்துவிட்டார். முறைத்தேன். கேலி இல்லையாம், அவர் வீட்டு பாத்ரூம் மூன்று வாரமாக ஒழுகுகிறதாம். கூட்டம் முடிந்ததும் தனியாக வந்து போன் நம்பர் வாங்கிக்கொண்டார்.

விளம்பரப் பிரிவுப் பெண் ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். "வாரியப் புத்தகத்துல எல்லாரோட பின்னணியும் போடுவோம் மேடம். மூணு வரி எழுதிக் குடுத்தா போதும்."

மார்ச் 5, புதன்

மூன்று வரி எழுத ஒரு மாலை முழுக்கப் போய்விட்டது. கடைசியில் இப்படி எழுதினேன்:

இருபத்தொரு வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். பத்தொன்பது வருடமாக வாரியத்தின் ஐந்தாம் பிளாக்கில் குடியிருக்கிறேன். எட்டாம் வகுப்பு வரை படித்தேன்.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "எட்டாம் கிளாஸ எதுக்குப் போடற? யாராச்சும் கேட்டாங்களா?"

"கேக்கலன்னா மறைக்கணுமா?"

"மறைக்கச் சொல்லல. தம்பட்டம் அடிக்காதன்னு சொல்றேன்."

பேச்சுக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்ததே இவர்தான். முதல் பத்து வருடம் இவர் கூடவே போய் டார்ச் பிடித்தேன், ரெஞ்ச் எடுத்துக் கொடுத்தேன், பிறகு நானே முறுக்க ஆரம்பித்தேன். ஏணியில் இருந்து விழுந்து இவர் முதுகு போனதிலிருந்து நான் தனியாகத்தான் போகிறேன். லைசென்ஸ் மட்டும் இன்னும் இவர் பெயரில் இருக்கிறது. மாற்ற வேண்டும் மாற்ற வேண்டும் என்று பதினோரு வருடம் ஓடிவிட்டது.

மார்ச் 18, செவ்வாய்

புத்தகம் வந்தது. வழவழ தாள். என் படத்துக்குக் கீழே:

"சிறந்த இல்லத்தரசி. சமூக சேவையில் ஆழ்ந்த ஈடுபாடு கொண்டவர். எளிய மக்களின் குரலாக ஒலிப்பவர்."

யார் இந்த அம்மா? நல்லவங்களா இருப்பாங்க போல. எனக்குத்தான் பழக்கம் இல்லை.

விளம்பரப் பிரிவுப் பெண்ணுக்குப் போன் போட்டேன். "மரியாதையா இருக்கட்டும்னுதான் மேடம் மாத்தினேன்" என்றாள்.

"குழாய்ல என்னம்மா மரியாதைக் குறைச்சலைக் கண்ட? உங்க ஆபீஸ் குழாய் நின்னு போனா ஒரு நாள் உக்காருவியா அங்க?"

அழுதுவிடுவாள் போலிருந்தது. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, பாவம். சின்னப் பெண். "சரி விடு, அடுத்த தடவை திருத்திடு" என்று வைத்துவிட்டேன். அடுத்த புத்தகம் ஜூனில்தானாம்.

மற்றவர்கள் பின்னணியையும் படித்துப் பார்த்தேன். பேங்க்காரருக்கு அரைப் பக்கம். வெளிநாட்டில் படித்தது, எந்தெந்தக் கிளை, எந்தெந்த விருது எல்லாம் இருக்கிறது. இருபத்திரண்டு வயதுக்கு முன்னால் மட்டும் எதுவும் இல்லை. நேராக இருபத்திரண்டு வயதில் பிறந்தார் போலிருக்கிறது.

மார்ச் 25, செவ்வாய்

வந்த கோபத்தில் எழுத்து கோணல்மாணலாக வருகிறது. வரட்டும்.

இன்று கூட்டத்தில் மூன்றாவது பொருள்: ஐந்தாம் பிளாக்கைக் காலி செய்வது. எங்கள் பிளாக்! சுவரெல்லாம் ஓதம், அஸ்திவாரத்தில் இருந்து தண்ணீர் ஏறுகிறது, பழுது பார்க்க வழியில்லை, இடித்துவிடலாம் என்று பொறியாளர் அறிக்கை. தொண்ணூற்றாறு குடும்பத்துக்கும் ஊருக்கு வெளியே இரண்டு பஸ் மாறிப் போகும் தூரத்தில் வீடு. எங்கள் ஆட்கள் வேலை செய்வது இங்கே. பிள்ளைகள் படிப்பது இங்கே. எனக்கு வேலை கொடுக்கிற வீடுகளும் இங்கேதான்.

நான் எழுந்தேன். "ஐயா, அஸ்திவாரத்துல இருந்து ஏறுற ஓதம் இடுப்புக்கு மேல வராது. எங்க பிளாக்ல ரெண்டாம் மாடி வரைக்கும் ஈரம். அவ்வளவு உயரம் ஏறிப் போக அதுக்கு என்ன லிஃப்டா வச்சிருக்கு? எங்களுக்கே லிஃப்ட் கிடையாது."

மருத்துவர் சிரித்தார். பொறியாளர் சிரிக்கவில்லை.

நேரில் பார்த்து முடிவு சொல்ல மூன்று பேர் கொண்ட தொழில்நுட்பக் குழு போடுவது என்று ஆயிற்று. குழுவில் ஒருவருக்காவது கட்டட வேலையில் நேரடி அனுபவம் இருக்க வேண்டுமாம். கையைத் தூக்கினேன். வாரியச் செயலாளர் மெதுவாகப் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைத் தேடினார். கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

"இதுல அப்படி ஒண்ணும் இல்லையேம்மா. இல்லத்தரசி, சமூக சேவை... அவ்வளவுதான் இருக்கு."

"அது நான் எழுதினதில்ல."

"வாரியப் புத்தகம்மா இது. இதுல இருக்கறதுதான் கணக்கு."

நீதிபதி ஐயா மட்டும் சொன்னார்: "ஒரு வாரம் டைம் தரேன். தொழிலுக்கு ஆதாரம் கொண்டு வாங்க."

என்ன ஆதாரத்தக் கொண்டு போறது? லைசென்ஸ் இவர் பேர்ல. இருபத்தொரு வருஷமா ஊர் உலகத்துக் கழிவுத் தண்ணில எல்லாம் கைய விட்டாச்சு, இப்ப நான் யாருன்னு நானே நிரூபிக்கணும். எனக்கு அழுகை வரல. ஆத்திரம்தான் வருது.

மார்ச் 26, புதன்

இவர்தான் வழி சொன்னார். சாப்பிட்டுக்கொண்டே, தலை நிமிராமல்: "லைசென்ஸ் இல்லன்னா என்ன? நீ கை வச்ச குழாய் எல்லாம் இருக்குல்ல. போய் அதுங்கள சாட்சி சொல்லச் சொல்லு."

மார்ச் 30, ஞாயிறு

நான்கு நாளில், எங்கள் வீடு போக, தொண்ணூற்றைந்து கதவு தட்டியாயிற்று. நோட்டை நீட்டி, "நான் உங்க வீட்ல என்ன வேலை செஞ்சேனோ அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றேன்.

ஏழாம் நம்பர்: பாத்ரூம் குழாய், இரண்டு தடவை. ஐம்பத்திரண்டு: ஃப்ளஷ் டேங்க் முழுசாக மாற்றினார். முப்பதாம் நம்பர் பெரியவர் எழுதியது: "சிங்க்கில் விழுந்த என் பல்செட்டை எடுத்துக் கொடுத்தார்." இதை வாரியத்தில் காட்டுவதா வேண்டாமா என்று யோசித்தேன். காட்டலாம், அதுவும் குழாய் வேலைதான்.

எல்லாம் நன்றாகத்தான் போயிற்று, பதினொன்றாம் நம்பர் தையற்கார அக்காவிடம் வரும் வரைக்கும். எங்கள் வீட்டுக்கு நேர் கீழ் வீடு. எனக்கும் அவர்களுக்கும் ஆறு வருடமாக ஏழாம் பொருத்தம். நோட்டை வாங்கிக்கொண்டு உள்ளே போனவர்கள் அரை மணி நேரம் கழித்து ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டு வந்தார்கள்.

"சமையலறைக் குழாய் ரிப்பேர் செய்தார். சரியில்லை. நான்கு நாளில் மறுபடியும் சுவர் ஈரம். மறுபடியும் வந்தார். மறுபடியும் ஈரம். குழாயில் குற்றமில்லை, சுவருக்குப் பின்னால் தண்ணீர் ஓடுகிறது என்று சாக்குச் சொன்னார்." கீழே ஆறு வருடத்துத் தேதிகள். மொத்தம் பத்தொன்பது தேதி. துணி அளவு எழுதுகிற நோட்டிலேயே எல்லாம் குறித்து வைத்திருக்கிறார்கள்!

"ஏன்க்கா, ஆதரவா நாலு வார்த்தை எழுதக் கூடாதா?"

"நடந்ததத்தான் எழுதச் சொன்ன? நடந்தத எழுதிட்டேன்."

பக்கத்தைக் கிழித்துவிடலாம் என்று கை போயிற்று. கிழிக்கவில்லை. என் பின்னணியை அவர்கள் பூசி மெழுகினார்கள் என்று கத்திவிட்டு நானே பூசி மெழுகினால் எப்படி?

ஏப்ரல் 1, செவ்வாய்

ஜெயித்தேன்! ஜெயித்தது எப்படி என்பதுதான் கூத்து.

நீதிபதி ஐயா நோட்டை முதலில் இருந்து புரட்டினார். செயலாளர் பக்கத்தில் நின்றுகொண்டு, "இதெல்லாம் அக்கம்பக்கத்துக்காரங்க, வேண்டப்பட்டவங்க ஐயா, நல்லதாத்தான் எழுதுவாங்க" என்று ஓதிக்கொண்டிருந்தார். பதினொன்றாம் நம்பர் பக்கத்துக்கு வந்ததும் நீதிபதி ஐயா நிறுத்தினார். இரண்டு தடவை படித்தார்.

"இந்தம்மா உங்களுக்கு வேண்டப்பட்டவங்களா?"

"இல்லீங்க ஐயா. ஆகவே ஆகாது."

"முப்பது வருஷம் சாட்சி கேட்டிருக்கேன். குழாய் வேலையே தெரியாத ஒருத்தர் மேல ஆறு வருஷமா தேதி போட்டு யாரும் குறை எழுத மாட்டாங்க." செயலாளர் பக்கம் திரும்பினார். "குழுவில இவங்க பேரச் சேருங்க."

வீட்டுக்கு வரும் வழியில் தையற்கார அக்காவிடம் சொன்னேன். "உங்களாலதான்க்கா ஜெயிச்சேன்." "நான் உனக்காக ஒண்ணும் எழுதல" என்று கதவைச் சாத்திவிட்டார்கள்.

ஏப்ரல் 9, புதன்

தொழில்நுட்பக் குழு எங்கள் பிளாக்குக்கு வந்தது. நான், பேராசிரியை, பேங்க்காரர், கூடவே பொறியாளர். நேராகப் பதினொன்றாம் நம்பருக்குக் கூட்டிப்போனேன்.

எங்கள் பிளாக் கதவுகள் எல்லாம் ஒரே அச்சு. பிறந்ததில் இருந்தே கோணல். கைப்பிடியைப் பிடித்து மேலே தூக்கி, முழங்காலால் கீழே ஒரு இடி கொடுத்தால்தான் திறக்கும். தையற்கார அக்கா உள்ளே இருந்து "தள்ளுங்க, தள்ளுங்க" என்கிறார்கள். பொறியாளர் தள்ளுகிறார். பேராசிரியை தள்ளுகிறார். நான் பின்னால் படியில் இருக்கிறேன், முன்னால் வருவதற்குள் பேங்க்காரர் அவர்களை விலக்கிவிட்டு, பேசிக்கொண்டே, கைப்பிடியைத் தூக்கி முழங்காலால் இடித்தார். கதவு திறந்துகொண்டது.

யாரும் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன். நான் கவனித்ததை அவரும் கவனித்தார்.

உள்ளே சமையலறைச் சுவரில் காதை வைத்தேன். மேல் வீட்டில் இவரைக் குழாய் திறக்கச் சொல்லியிருந்தேன். சலசலவென்று தண்ணீர் சுவருக்குள் இறங்குகிறது. "இதுக்குப் பின்னாடி குழாய்ச் சந்து இருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் கழிவுக் குழாய் போற சந்து. எந்தக் காலத்துலயோ செங்கல் வச்சு அடைச்சிருக்காங்க. இந்த மாடிகிட்ட இணைப்பு விட்டுப் போச்சு. அதனாலதான் எங்க வீடு காஞ்சு கிடக்கு, இங்கிருந்து கீழ எல்லாம் ஈரம். உடைச்சுப் பாருங்க."

பொறியாளர் வரைபடத்தை விரித்தார். "சந்தே கிடையாதும்மா. இது கட்டடத்தத் தாங்குற சுவர். வரைபடத்துல இல்லாத சந்துக்காக உடைக்க முடியாது. காதால கேட்டத ரிப்போர்ட்ல எழுத முடியுமா?"

பேங்க்காரர் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏப்ரல் 10, வியாழன்

நானே சுத்தியல் எடுத்து உடைத்துவிடுகிறேன் என்றேன். "உடை. வாரியச் சொத்தச் சேதம் பண்ணினவள்னு உன்னைக் குழுவுல இருந்து தூக்கிடுவாங்க. செயலாளர் அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கார்" என்றார் இவர். சொல்வது சரிதான். சரியாகச் சொன்னதற்காக இவர் மேல் கோபம் வந்தது.

ஏப்ரல் 11, வெள்ளி

பேங்க்காரர் போன் செய்தார். வாரிய அலுவலக வாசலில் பார்த்தோம். காருக்குள் உட்காரச் சொன்னார். வேண்டாம் சார், நிற்கிறேன் என்றேன். அவரும் இறங்கி நின்றார்.

"எந்த வீடு சார்?" என்று நானே கேட்டேன்.

"பதினொண்ணு. முந்தாநாள் நாம நின்ன அதே வீடு."

"அப்ப சந்து?"

"இருக்கு. சமையலறையில ஒரு மரக்கதவு இருந்துச்சு, அதைத் திறந்தா சந்து. எனக்கு எட்டு வயசு இருக்கும், அதுக்குள்ள வீட்டுச் சாவியப் போட்டுட்டேன். எங்கம்மா பின்னிட்டாங்க." சிரித்தார். சிரிப்பு உடனே போயிற்று. "ஆனா நான் சொல்ல முடியாதும்மா. என் பிள்ளைங்களுக்கே தெரியாது. நான் சொந்த வீட்டுல பிறந்து வளர்ந்தவன்னு நம்பித்தான் எனக்குப் பொண்ணு குடுத்தாங்க. நாப்பது வருஷமா அதையே சொல்லிட்டேன்."

"அதுல என்ன சார் வெக்கம்? திருடினீங்களா?"

"உங்களுக்குப் புரியாது. அந்த முகவரியைப் போட்டதால மூணு இன்டர்வியூல என்னைத் திருப்பி அனுப்பினாங்க. நாலாவது இடத்துல போடல. வேலை கிடைச்சுது."

எனக்குப் புரியாதாம். எனக்கா!

"சார், தொண்ணூத்தாறு குடும்பம். உங்க அம்மா சமைச்ச சமையலறை அது. செவ்வாய்க்கிழமை அதை இடிக்கக் கை தூக்குவீங்களா?"

"நீங்க சொல்லிடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார். நான் ஒன்றும் சொல்லாமல் வந்துவிட்டேன். பயந்துகொண்டு கிடக்கட்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

போட்டு உடைத்துவிடலாமா? ஒரு வாக்கியம் போதும். பிளாக் பிழைக்கும்.

ஆனால் என்னைக் கேட்காமல் என் பின்னணியை இன்னொருத்தி எழுதியதற்குத்தானே நான் அத்தனை ஆட்டம் ஆடினேன். அவருடையதை நான் எழுதலாமா?

எழுத மாட்டேன். தோற்றாலும் சரி. வேறு வழியில் மல்லுக்கட்டுவேன். அவர் மேல் உள்ள கோபம் கோபம்தான், அதில் குறைவில்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

சுருக்கமாக எழுதுகிறேன்.

பொறியாளர் பேசினார். நான் பேசினேன். தையற்கார அக்காவின் பத்தொன்பது தேதிகளையும் வாசித்தேன். அவ்வளவும் மழையே இல்லாத மாதங்கள், மழை இல்லாமல் அஸ்திவாரத்துக்கு ஏது தண்ணீர் என்று கேட்டேன். "யூகம்" என்றார் பொறியாளர். சந்து இருப்பதற்கு ஆதாரம் என்ன என்றார் செயலாளர். பேங்க்காரர் பக்கம் நான் திரும்பவே இல்லை. சத்தியமாகத் திரும்பவில்லை.

நீதிபதி ஐயா வாக்கெடுப்புக்குப் போகலாமா என்று கேட்டார்.

"சந்து இருக்கு" என்று ஒரு குரல்.

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்றார் பொறியாளர்.

பேங்க்காரர் தண்ணீர் குடித்தார். டம்ளரை வைத்தார். "பதினொண்ணாம் நம்பர்ல நான் பதினாறு வருஷம் இருந்தேன். எங்க வீட்டுச் சாவி இன்னும் அதுக்குள்ளதான் கிடக்கு."

வக்கீல் தன் முன்னால் இருந்த புத்தகத்தைப் புரட்டி அவர் பக்கத்தை எடுத்துப் பார்த்தார். இருக்காது சார் அதில்.

"முதலில் சுவரைத் திறந்து பார்ப்பது" என்ற தீர்மானம். ஐந்துக்கு இரண்டு. நிறைவேறியது.

வெளியே படியில் அவரைப் பார்த்தேன். நன்றி சொல்ல வாய் வந்தது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போய்ச் சொல்லணும்" என்றார், தனக்குத்தானே சொல்வது போல. "சொல்லுங்க சார். கதவத் திறக்கற மாதிரிதான். தூக்கி ஒரு இடி" என்றேன். கொஞ்சம் சிரித்தார்.

ஏப்ரல் 24, வியாழன்

சுவரைத் திறந்தார்கள். நான்கு செங்கல் எடுத்ததுமே நாற்றம் தூக்கிப்போட்டது. பொறியாளர் கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டார். நான் நன்றாக மூச்சு இழுத்தேன்.

சந்து. கழிவுக் குழாய். ஒரு சாண் அகலத்துக்கு விட்டுப்போன இணைப்பு. ஆறு வருடத் தண்ணீர்.

பொறியாளர் டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னிடம், "இதுக்கு என்ன சைஸ் இணைப்பு வேணும்?" என்று கேட்டார். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. இந்தக் கேள்வியே எனக்குப் போதும். சொன்னேன்.

கீழ்த்தளத்திலும் சுவரைத் திறந்து சந்தின் அடியில் கிடந்த குப்பையை வாரினோம். சீப்பு, கரண்டி, பொம்மைக் கால், துருப்பிடித்த சாவி ஒன்று. சாவியோடு வாரியத்துத் தகரத் துண்டு. தேய்த்தேன். 11.

அவரிடம் நேரில் கொடுத்தேன். "பூட்டெல்லாம் மாத்தியாச்சு சார்" என்றேன். "தெரியும்" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

மே 6, செவ்வாய்

இடிப்புத் தீர்மானம் வாபஸ். எங்கள் பிளாக்கில் உள்ள ஆறு குழாய்ச் சந்துகளையும் திறந்து சரிசெய்ய உத்தரவு. இரண்டாம் பிளாக்குக்கும் இதே மாதிரி ஓர் அறிக்கை தயாராகிறது என்று மருத்துவர் காதில் போட்டார். வரட்டும், எனக்கென்ன பயம்? காது இருக்கிறது, ரெஞ்ச் இருக்கிறது. லைசென்ஸும் என் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 17, செவ்வாய்

புதுப் புத்தகம் வந்தது. விளம்பரப் பிரிவுப் பெண் தானே கொண்டு வந்து கொடுத்தாள். "ஒரு எழுத்துக்கூட மாத்தல மேடம்." பார்த்தேன். குழாய் வேலை, ஐந்தாம் பிளாக், எட்டாம் வகுப்பு, மூன்றும் அப்படியே இருக்கின்றன.

பேங்க்காரர் பக்கத்தைத் திருப்பினேன். வெளிநாடு, விருது எல்லாம் கீழே இறங்கியிருக்கிறது. முதல் வரி: "வாரியத்தின் ஐந்தாம் பிளாக், பதினொன்றாம் எண் வீட்டில் வளர்ந்தவர்."

இவரிடம் வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கும்போது கதவு இடிபட்டது. தையற்கார அக்கா, தலையெல்லாம் வெள்ளைப் பொடி.

"ஏண்டி, என்னடி வேலை பண்ணி வச்சிருக்க? சுவர் காஞ்சு காஞ்சு சுண்ணாம்பு பொலபொலன்னு உதிருது. தைக்கிற துணியெல்லாம் நாசம். யார்கிட்டப் போய்ச் சொல்ல?"

நோட்டையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன்.

"எழுதிக் குடுங்கக்கா. தேதி போட்டு எழுதுங்க."